நாலு மணி நேரம் தேய்த்தும் கறுப்பு போகவில்லை: கிட்டார் பாடியை வெறும் மரமாக்குவது பற்றி

மார்ச் 2, மாலை (கேள்வி)

பழைய எலெக்ட்ரிக் கிட்டார். கறுப்பு. ஓரங்களில் பெயிண்ட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. வெறும் மரம் தெரியும் வரை தேய்த்துவிட்டுப் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று நெக்கைக் (கழுத்துப் பகுதியை) கழற்றி வைத்துவிட்டு 80 நம்பர் உப்புத்தாளோடு (நம்பர் குறையக் குறையத் தாள் கரடு) உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் ஆயிற்று. பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதே தவிர மரம் கண்ணில் படவில்லை. தோள் வலிக்கிறது. தாள் தப்பா, கை தப்பா? மெஷின் வாங்கினால் ஒரே நாளில் முடியுமா?

மார்ச் 2, இரவு

தாளும் தப்பில்லை, கையும் தப்பில்லை. நீங்கள் இவ்வளவு நேரம் தேய்த்தது பெரும்பாலும் பெயிண்டே இல்லை. அதன் மேல் இருக்கும் பாலியெஸ்டர் பூச்சு. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யும் கிட்டார்களில் பெரும்பாலும் இதுவோ, இதன் பங்காளியான பாலியூரித்தேனோதான். இறுகிவிட்டால் கண்ணாடி மாதிரி. அரை மில்லிமீட்டர் இருக்கும், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டரையும் தொடும். அலமாரிக் கதவின் வார்னிஷை நினைத்துக்கொண்டு இதில் இறங்கினால் தோள்தான் தேயும்.

மேலிருந்து கீழே எண்ணினால்: நிறமில்லாத மேற்பூச்சு, நிறம், சில சமயம் வெள்ளையிலோ சாம்பலிலோ பிரைமர், அதற்கும் கீழே மரத்தின் துளைகளை அடைத்து நிற்கும் சீலர், அப்புறம்தான் மரம். நிறம் இந்த அடுக்கில் மிக மெல்லிய சங்கதி. சீலரோ பிடிவாதக்காரர்.

மெஷின் பற்றி நாளை சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: கடைசியில் என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள்? மரம் தெரியாத நிறம் என்றால், மரம் வரைக்கும் போவது எதற்கு?

மார்ச் 3

மெஷின் கதை. பத்து வருஷத்துக்கு முன் என் முதல் கிட்டாரை ஆர்பிட்டல் சாண்டரில் 60 நம்பர் தட்டு போட்டுத் தேய்த்தேன். முன்பக்கம் முக்கால் மணி நேரத்தில் வெளுத்தது. பெருமை தாங்கவில்லை. அழகான ரேகை வேறு. இன்னும் கொஞ்சம் சுத்தமாக்கலாமே என்று ஒரு சுற்று கூடப் போனேன். நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு எழுந்தது. பெயிண்ட் மிச்சம் என்று நினைத்து அதையும் தேய்த்தேன். திட்டு வளர்ந்தது.

அது பெயிண்ட் இல்லை. நான் ரசித்த ரேகை மேலே ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு, கிட்டத்தட்ட தாள் கனம். அதைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். உள்ளே ஐந்து துண்டு மரம், ஐந்தும் வெவ்வேறு திசையில் ரேகை ஓட, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அதோடு விட்டேனா? மெஷினைச் சாய்த்து ஓரங்களைத் தேய்த்ததில் வளைவெல்லாம் தட்டையாகிவிட்டது. நெக்கின் இரு பக்கமும் நீட்டி நிற்கும் இரண்டு கொம்புகளும் ஒரே மாதிரி இல்லாமல் போயின. நெக் உட்காரும் குழியின் சுவரிலும் பெயிண்ட் இருக்கிறதே என்று அதையும் இழைத்தேன். மறுபடி மாட்டும்போது நெக் குழிக்குள் பல் ஆடுவது போல ஆடியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதை என் மேஜையிலேயே பார்த்தேன்.

கடைசியில் அதற்கு அடித்தது மரம் தெரியாத பச்சை. அந்த நிறத்தைப் பழைய பூச்சின் மேலேயே அடித்திருக்கலாம். அதனால்தான் நேற்று அந்தக் கேள்வி.

மார்ச் 3, பின்குறிப்பு

நெக் குழிக்குள் தாளைக் கொண்டு போகாதீர்கள். அங்கே பெயிண்ட் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 4

தொடும் முன் இன்னொரு சோதனை. நகப்பூச்சு அழிக்கும் அசிடோனைப் பஞ்சில் நனைத்து, வெளியே தெரியாத இடத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். ஒன்றும் ஆகாவிட்டால் பாலி, அதாவது முன்பு சொன்ன பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோ. இளகினால் கையை எடுத்துவிட்டு கிட்டாரின் வயதை விசாரியுங்கள். ஃபெண்டர் கம்பெனி 1960-களின் கடைசி வரை லேக்கர்தான் அடித்துக்கொண்டிருந்தது, கிப்சன் இன்றும் அதை விடவில்லை. அந்தக் காலத்துக் கிட்டாரில் அசல் பூச்சை உரித்தால் சேகரிப்பவர்கள் தரும் மதிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கீறலும் சில்லுமாக இருந்தாலும் அப்படியே இருப்பதுதான் அதற்கு மரியாதை.

உங்களுடையது கறுப்பு, 80 நம்பருக்கே மசியவில்லை. பாலிதான். பயமில்லை.

மார்ச் 5

மரம் தெரிய எண்ணெய் மட்டும் பூசி வைக்கத்தான் ஆசை என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் மரம் வரை போகத்தான் வேண்டும். சீலர் மிச்சம் இருக்கும் இடத்தில் எண்ணெய் இறங்காது, திட்டுத் திட்டாக நிற்கும்.

ஆனால் போவதற்கு முன், உள்ளே என்ன மரம் என்று பாருங்கள். நெக் குழியின் அடித்தளம், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழிகளின் சுவர், பின்பக்க ஸ்பிரிங் மூடிக்குக் கீழே: இங்கெல்லாம் பூச்சு மெல்லியதாக இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் கோடு கோடாக அடுக்கு தெரிந்தால் பிளைவுட். மேலே மட்டும் ஒரு மெல்லிய கோடு ஓடினால் வெனீர். முழு நிறம் அடித்த கிட்டாரில் உள்ளே எத்தனை துண்டு, எவ்வளவு பட்டி என்று யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே முழு நிறம் அடித்தார்கள்.

என்னிடமும் ஒரு சிவப்புக் கிட்டார் சும்மா கிடக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து கை அரிக்கிறது. அதையும் உரிக்கிறேன், நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

மார்ச் 7

கழற்றினேன். ஒயர்களை அறுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்தேன். எந்த ஒயர் எந்தக் கால் என்று நினைவிருக்கும் என்ற நம்பிக்கை சால்டரிங் அயர்ன் சூடாகும் வரைக்கும்தான் இருக்கும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் பாடிக்குள் ஒரு துளை வழியாகப் போகிறது, அதை இழுத்துத் தொலைக்காதீர்கள்.

பிரிட்ஜ் தூண்கள் திருகும் உலோகக் குழல்கள் மரத்தில் இறுக்கி அடித்தவை. குறடால் பிடுங்கினால் சுற்றிலும் மரம் பெயரும். குழலுக்குள் ஒரு சின்ன ஆணித்துண்டைப் போட்டுவிட்டு, தூணை மேலிருந்து திருகுங்கள். தூண் ஆணியில் முட்டி, குழல் தானாக மேலே ஏறி வரும். பார்க்கவே ஒரு வித்தை.

பாடியை மட்டும் தராசில் வைத்தேன்: 2,310 கிராம். ஏன் வைத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

மார்ச் 8

பாலியைத் தேய்க்கக் கூடாது, உரிக்க வேண்டும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் பட்டி பார்க்கும் தகடும் போதும். தகட்டின் இரண்டு மூலைகளையும் அரத்தால் மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சூட்டில் இளகிய மரத்தில் உழவு ஓட்டியது போலக் கோடு விழும். ஏற்கெனவே சில்லு பெயர்ந்த இடத்தில் தொடங்கி, சூட்டை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அரை நிமிஷத்தில் பூச்சின் பளபளப்பு மங்கும். பிறகு தோல் சுருங்குவது போல லேசாக அசையும். அந்த நொடியில் தகட்டைப் படுக்க வைத்துத் தள்ளினால், சிவப்பும் அதன் கீழே வெள்ளைப் பிரைமருமாக ஒரே பட்டையாக எழுந்து வருகிறது. ஆறினால் ஓடு மாதிரி உடைகிறது. சூடான சில்லு ஒன்று முழங்கையில் ஒட்டியது. முழுக்கைச் சட்டை போடுங்கள், கண்ணாடி போடுங்கள், வெளியில் வைத்துச் செய்யுங்கள், அந்த நாற்றம் வீட்டுக்குள் வேண்டாம். முன்பக்கம் முழுவதும் ஒரு மணி நேரம்.

மிச்சத்தை 80 நம்பரில் தொடங்கித் தேய்த்துவிடலாம்.

மார்ச் 8, இரவு

மேலே எழுதியதைப் படித்து யாரும் குதூகலிக்க வேண்டாம். பின்பக்கம் செய்யும்போது கொம்பின் நுனியில் மூன்று நொடி அதிகம் நின்றுவிட்டேன். ஒரு ரூபாய் அளவுக்குக் கருகல். ஓரத்திலும் நுனியிலும் சூடு தப்பிக்க இடமில்லாததால் சீக்கிரம் கருகும். துண்டுகளை ஒட்டிய பசையும் வெப்பத்தில் இளகும், இணைப்புக் கோட்டின் மேல் தங்கக் கூடாது. ஓரங்களுக்கு ஹீட் கன் வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். அங்கே ஸ்கிரேப்பர் தகடு போதும், மெதுவாகச் சுரண்டினால் சுருள் சுருளாக வரும், வளைவும் கெடாது.

மார்ச் 9

மரம் வந்துவிட்டது! தேன் நிறம். லேசாகத் துடைத்தாலே மினுங்குகிறது. ஆல்டர் மரம் என்றே படுகிறது. நாளை முதல் தேய்ப்பு.

மார்ச் 10

மரம் வரவில்லை.

நேற்று மினுங்கியது சீலர். வெறும் மரம் மினுங்காது என்று பத்து வருஷம் முன்பே பட்டுத் தெரிந்தவன், ஆசையில் மறந்துவிட்டேன். இன்று விரலை நனைத்து ஒரு சொட்டு வைத்தேன். முத்து மாதிரி உருண்டு நின்றது. பக்கத்தில் தகடு ஆழமாகப் பட்ட இடத்தில் இன்னொரு சொட்டு. அது உடனே பரந்து, மரம் கறுத்து, ஐந்து நிமிஷத்தில் காய்ந்து மறைந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். தண்ணீர் நின்றால் சீலர், குடித்தால் மரம். தூளையும் பாருங்கள்: சீலரின் தூள் வெள்ளையாக, மாவு போலத் தாளில் அப்பிக்கொள்ளும். மரத்தூள் பழுப்பாக உதிரும்.

மரம் தெரியாத நிறம் அடிப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தொழிற்சாலை போட்ட சீலரைவிட நல்ல அடித்தளத்தை நாம் வீட்டில் போட முடியாது.

மார்ச் 14

நாலு நாள் தேய்ப்பு. 80 நம்பரில் தொடங்கலாம் என்று 8-ஆம் தேதி எழுதினேன், அதை அடித்துவிடுங்கள். 80 போட்ட கீறலை எடுக்க மட்டும் ஒரு நாள் போயிற்று. உரித்தபின் இருப்பது சீலர்தானே, 120 போதும். அப்புறம் 180, 220. எண்ணெய்தான் என்றால் 320 வரை போகலாம்.

தொடங்கும் முன் பாடி முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் போன இடத்தில் தாள் பட்டிருக்கிறது, மிச்சம் இருக்கும் இடம் பள்ளம். ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் மறுபடி கிறுக்கல். குழந்தைத்தனமாகத் தெரியும், ஆனால் எங்கே தேய்க்கிறோம் என்று கைக்குத் தெரியாது, கிறுக்கலுக்குத்தான் தெரியும்.

தட்டைப் பரப்புக்குத் தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள், விரலால் அழுத்தினால் அலை விழும். கொம்பின் உள்வளைவுக்கு ஒரு பழைய மார்க்கர் பேனாவில் தாளைச் சுற்றினேன், அச்சாகப் பொருந்தியது. ரேகை ஓடும் திசையில் மட்டும். மெஷினைத் தட்டைப் பரப்பில் ஓட்டலாம், ஆனால் அது பன்றி வால் மாதிரி சின்னச் சின்னச் சுருள் கீறல் போடும். இப்போது கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏற்றியதும் நூறு வாலும் எழுந்து நிற்கும். கடைசிச் சுற்று கையால்தான்.

அதிக நேரம் தின்றது ரேகை முடியும் வெட்டுமுனை, அதாவது பாடியின் அடிப்பக்கமும் கொம்பு நுனியும். அங்கே மரம் குழல் குழலாக வாய் திறந்து நிற்பதால் சீலர் ஆழமாக இறங்கியிருக்கிறது. பக்கவாட்டில் பத்து நிமிஷ வேலை, இங்கே ஒரு மணி நேரம். எண்ணெயையும் சாயத்தையும் இதே முனைகள்தான் அதிகம் குடித்துக் கறுக்கும், அதனால் அங்கே மட்டும் ஒரு நம்பர் கூடுதலாகப் போங்கள்.

உங்கள் பாடி ஆஷ் மரமாக இருந்தால் வேறு தொல்லை. அதில் ரேகையின் ஒரு பட்டை மெத்து, ஒரு பட்டை கெட்டி. கட்டையில்லாமல் தேய்த்தால் மெத்துப் பட்டை மட்டும் குழியும். பாஸ்வுட் என்றால் நகம் பட்டாலே தடம் விழும்.

மார்ச் 15

மாஸ்க் எழுத மறந்தேன். துணி மாஸ்க் இல்லை, நுண்தூள் வடிகட்டும் மாஸ்க். பாலியெஸ்டர் தூள் ஒரு பக்கம் இருக்கட்டும், மரத்தூளையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஸ்டீல் உல்லும் வேண்டாம். அதன் இரும்புத் துகள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

மார்ச் 17

பூச்சை எடுத்தால் ஒலி திறக்கும், மரம் மூச்சு விடும் என்று ஒருவர் நடுவில் எழுதியிருக்கிறார். இந்தப் பேச்சு எப்படியும் வரும் என்றுதான் தராசில் வைத்தேன்.

1968-இல் பீட்டில்ஸின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கசினோக்களை உரித்தார்கள், ஹாரிசனுக்கு அதன் ஒலி பிடித்தும் இருந்தது. உண்மைதான். ஆனால் கசினோ உள்ளே கூடான கிட்டார், மெல்லிய பலகை அதிர்ந்து ஒலி எழுப்புகிறது, அதன் மேல் பூச்சு கொஞ்சம் குறைந்தாலும் காதில் விழலாம். நம்முடையது 45 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கட்டை. அயர்லாந்துக் கிட்டார்க் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் பூச்சு பெரும்பாலும் போயே போய்விட்டது, அது போகாமல் இருந்திருந்தால் அவர் மோசமாக வாசித்திருப்பாரா?

இப்போது என் பாடி 2,118 கிராம். 192 கிராம் போயிருக்கிறது, அதில் கொஞ்சம் மரமும் சேர்த்தி. இரண்டு கிட்டார்க் கம்பிக் கட்டுகளைவிடக் கனம்தான், ஒத்துக்கொள்கிறேன். தோளுக்குத் தெரியலாம். காதுக்கு?

மார்ச் 18

மேலே கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். உரித்தபின் பாடியைத் தட்டிப் பார்த்தேன், முன்னைவிட நீளமாக ஒலித்த மாதிரித்தான் இருந்தது. உரிக்கும் முன் தட்டிப் பார்க்கவில்லை. ஆகவே இது சாட்சியாகாது.

மார்ச் 21

சொட்டைகள். வெறும் மரமானதும் கிடைக்கும் ஒரே பெரிய லாபம் இது. பின்பக்கத்தில் கொக்கி இடித்த குழி ஒன்று இருந்தது. ஈரத்துணியை மடித்து அதன் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் பத்து நொடி அழுத்தினேன். உஸ் என்று ஆவி. துணியை எடுத்தால் பாதிக் குழி காணோம். மூன்றாவது தடவையில் விரலுக்குத் தெரியவில்லை. நசுங்கிய நார் ஆவி குடித்து உப்பி எழுகிறது. நார் அறுந்த வெட்டுக்கு இது பலிக்காது, அதற்குப் பட்டிதான். பூச்சின் மேல் செய்யாதீர்கள், ஆவி உள்ளே போகாது.

ஆவி பட்ட இடம் சொரசொரப்பாகும். அதனால் பாடி முழுவதையும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, காயவிட்டு, எழுந்த நாரை 320-இல் லேசாக வருடி எடுத்தேன். எண்ணெய் பூசப் போகிறவர்கள் இதை விட வேண்டாம்.

மார்ச் 23

என் கிட்டாரின் தீர்ப்பு வந்துவிட்டது. முன்பக்கம் இரண்டு துண்டு, ரேகை நன்றாகவே பொருந்துகிறது. பின்பக்கத்தில் இணைப்பை ஒட்டி விரல் நீளத்துக்குத் தொழிற்சாலைப் பட்டி, பக்கத்தில் என் கருகல் வேறு. ஆக முன்பக்கம் மட்டும் மரம் தெரியும், பக்கமும் பின்பக்கமும் அடர் பழுப்பில் மறையும். மரம் தெரியாத நிறத்துக்காக மரம் வரை போகாதீர்கள் என்று 2-ஆம் தேதி உபதேசம் செய்தவன், பாடியின் முக்கால் பாகத்தில் அதையே செய்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

மார்ச் 24 (கேட்டவரிடமிருந்து)

டார்ச் அடித்துப் பார்த்தேன். பிக்கப் குழியின் சுவரில் கோடுகள். ஏழு எண்ணினேன். பிளைவுட். இனி என்ன செய்வது? நாலு மணி நேரம் வீணா?

மார்ச் 24, இரவு

வீணே இல்லை. அந்த நாலு மணி நேரத்தில் நீங்கள் செய்ததுதான் உங்கள் கிட்டாருக்கு வேண்டிய வேலை. பழைய பூச்சின் பளபளப்பை எடுத்துச் சொரசொரப்பாக்கியிருக்கிறீர்கள், புது நிறம் பிடிக்க அதுதான் தேவை. ஒரு குறை: 80 நம்பர் கீறல் ஆழம், பெயிண்ட் காய்ந்து சுருங்கும்போது ஒவ்வொன்றும் மேலே தெரியும். 180, பிறகு 320 போட்டு அதை ஆற்றுங்கள். சில்லு பெயர்ந்த பள்ளங்களில் பட்டி வைத்துச் சமன் செய்யுங்கள். நாலு சுற்று பிரைமர், அது காய்ந்ததும் 400, அப்புறம் நிறம். எண்ணெய் ஆசையை அடுத்த கிட்டாருக்கு வையுங்கள்.

அப்போது ஒன்று நினைவிருக்கட்டும், எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் வகையெல்லாம் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துப் போட்டுக் காயவிடுங்கள்.

மே 11

லேக்கர் இறுக நாலு வாரம் விட்டு, நேற்றுத்தான் மெருகேற்றினேன். முன்பக்கம் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. வலது கொம்பருகே சாயம் ஏறியதும் நாலைந்து பன்றி வால் தெரிந்தது, மெஷின் ஓட்டிய இடம்தான். விட்டுவிட்டேன். தராசில் 2,161 கிராம். பழைய பூச்சில் கால் பங்கு கனம்கூட இல்லை.

உங்கள் கிட்டாருக்கு நீலம் அடித்த படம் பார்த்தேன். ஓரத்தில் பெயிண்ட் வழிசல் ஒன்று இருக்கிறது, 1000 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துச் சின்னக் கட்டையில் சுற்றி அந்த வழிசலின் முதுகில் மட்டும் தேயுங்கள். அது முழுதாகக் காய்ந்த பிறகு, இப்போது இல்லை.